கரன்ட் போய் வந்தால் எந்த வடிகால் தாங்கும்? டர்ஸோ, ஹெர்பி, பீன்அனிமல்

ரீஃப் டேங்க் (பவளம் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டி) வைக்கப் போகிறவர்கள், மேல் தொட்டியிலிருந்து கீழே உள்ள சம்ப்புக்கு (வடிகட்டும் தொட்டி) தண்ணீரை இறக்கும் வடிகால் முறைகளை ஒப்பிடும்போது முதலில் கேட்பது, எது சத்தமில்லாமல் ஓடும் என்பதைத்தான். நம் வீடுகளுக்கு அது இரண்டாவது கேள்வி. கரன்ட் போகும் ஒவ்வொரு முறையும் சம்ப்பிலிருந்து தண்ணீரை மேலே ஏற்றும் ரிட்டர்ன் பம்ப் நிற்கும், மேல் தொட்டித் தண்ணீர் கொஞ்சம் சம்ப்புக்கு இறங்கும். கரன்ட் வந்ததும் யாரும் கை வைக்காமலே எல்லாம் பழைய நிலைக்குத் திரும்ப வேண்டும், வீடு பூட்டிக் கிடந்தாலும். அந்த ஒரு நிமிடத்தை மூன்று முறைகளும் எப்படிக் கடக்கின்றன என்பதை வைத்தே தேர்வு செய்யுங்கள்.

கணக்குக்கு ஒரு 4 அடித் தொட்டியை எடுத்துக்கொள்வோம்: 120 × 60 × 50 செ.மீ., 360 லிட்டர். சம்ப் வழியாக மணிக்கு 1,500 லிட்டர் ஓடினால் போதும். பவளங்களுக்கு வேண்டிய நீரோட்டத்தை தொட்டிக்குள்ளேயே தண்ணீரைச் சுழற்றும் வேவ்மேக்கர் பார்த்துக்கொள்ளும். பம்ப் டப்பாவில் அச்சடித்திருக்கும் எண் ஏற்றமே இல்லாதபோது கிடைக்கும் அளவு. உண்மை அளவு வேண்டுமென்றால் ரிட்டர்ன் குழாயின் வாயில் 10 லிட்டர் வாளியைப் பிடியுங்கள். 24 நொடியில் நிரம்பினால் மணிக்கு 1,500.

டர்ஸோவுக்கு ஒரே குழாய்தான். ஓவர்ஃப்ளோ பெட்டிக்குள் (தொட்டியின் மேல்மட்டத் தண்ணீர் வழிந்து விழும் தடுப்பு) நிற்கும் குழாயின் தலையில் ஒரு டீ (T வடிவ இணைப்பு), அதிலிருந்து கீழ்நோக்கித் திரும்பிய எல்போ (வளைவு இணைப்பு), மேலே மூடியில் ஒரு சின்னக் காற்றுத் துளை. தண்ணீரும் காற்றும் கலந்தே இறங்கும். துளையை 3 மி.மீ.-இல் தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாக்க வேண்டும். சிறிதாக இருந்தால் குழாய் சைஃபன் பிடித்து (காற்றில்லாமல் நீரால் நிறைந்து தானாக இழுத்து) ‘கடகட’வென்று உறிஞ்சிக் காலியாக்கும், பிறகு நிற்கும், மறுபடி உறிஞ்சும். ஒரு இன்ச் குழாயில் மணிக்கு ஆயிரம் லிட்டர் வரை சமாளிக்கலாம். அதற்கு மேல் இரைச்சல் தவிர்க்க முடியாது. கரன்ட் திரும்பும்போது இதற்குப் பிரச்சினையே இல்லை. பிடிக்க வேண்டிய சைஃபன் எதுவும் இல்லாததால் தண்ணீர் ஏறியதும் இறங்கத் தொடங்கிவிடும். ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. ஒரு நத்தை குழாய்க்குள் போய் அடைத்துக்கொண்டால் மாற்று வழி கிடையாது; தண்ணீர் நேராகத் தரைக்குத்தான்.

ஹெர்பியில் இரண்டு குழாய்கள். ஒன்று வால்வு வைத்து முழு சைஃபனாக ஓடும். காற்று கலக்காததால் சத்தமே வராது. அதே ஒரு இன்ச் குழாய் இப்படி ஓடினால் டர்ஸோவைவிடப் பல மடங்கு தண்ணீரை இறக்கும். இரண்டாவது குழாய் உயரமாக, அவசரத்துக்கு. இதன் பலவீனம் வால்வுதான். பம்ப் தள்ளும் அளவும் சைஃபன் இறக்கும் அளவும் துல்லியமாகச் சமமாக இருக்க வேண்டும், ஆனால் பம்பில் சுண்ணாம்பு படியப் படிய அது தள்ளும் அளவு குறைந்துகொண்டே வரும். இன்று சரியாக இருந்த நீர்மட்டம் இரண்டு வாரத்தில் நகர்ந்திருக்கும். சைஃபன் அடைத்தால் முழு ஓட்டத்தையும் அவசரக் குழாய் ஒன்றே ஏற்க வேண்டும் என்பதால், அது சைஃபன் குழாய்க்குச் சமமாகவோ பெரிதாகவோ இருக்கட்டும். ஒரு இன்ச்சும் முக்கால் இன்ச்சுமாக இரண்டு துளையோடு வரும் ரெடிமேட் தொட்டிகளில் முக்கால் இன்ச்சை சைஃபனுக்கும் ஒரு இன்ச்சை அவசரத்துக்கும் விட்டுவிட்டு, ரிட்டர்ன் குழாயைத் தொட்டியின் மேல் விளிம்பு வழியாகக் கொண்டு வாருங்கள். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

பீன்அனிமல் மூன்று குழாய். முழு சைஃபன் ஒன்று. டர்ஸோ மாதிரி காற்றோடு ஓடும் திறந்த குழாய் ஒன்று. உலர்ந்தே இருக்கும் அவசரக் குழாய் ஒன்று. இதன் உயிர் திறந்த குழாயின் மூடியில் செருகிய மெல்லிய காற்றுக் குழலில் இருக்கிறது. அந்தக் குழலை வளைத்து, அதன் வாய் அவசரக் குழாயின் வாய்க்குச் சற்றுக் கீழே நிற்கும்படி கட்டுவார்கள். கரன்ட் வந்து சைஃபன் பிடிக்கத் தாமதமானால் பெட்டியில் தண்ணீர் ஏறும், குழலின் வாயை மூடும். காற்று வரத்து நின்றதும் திறந்த குழாயே முழு சைஃபனாக மாறித் தண்ணீரை இழுக்கும். மட்டம் இறங்கியதும் குழல் மறுபடி காற்று வாங்கும், குழாய் பழையபடி மெல்ல ஓடும். சைஃபன் நத்தையால் அடைத்தாலும் இதேதான் நடக்கும். சாதாரண ஓட்டத்தில் திறந்த குழாயின் சுவரை ஒட்டி மெல்லிய படலமாகத் தண்ணீர் வழிந்தால் போதும். பம்ப் கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் அந்தப் படலம் ஈடுகட்டிவிடும், வால்வைத் தொட வேண்டியதில்லை.

புதிதாகத் தொட்டி செய்யக் கொடுப்பவர்கள் பீன்அனிமலே போடுங்கள். கூடுதல் செலவு ஒரு துளையும் சில எல்போக்களும்தான். இருக்கும் இரண்டு துளைத் தொட்டிக்கு ஹெர்பி. டர்ஸோவை ஓட்டம் குறைவான சின்னத் தொட்டியோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

எதைத் தேர்ந்தாலும் சில இடங்களில் கவனம் வேண்டும். சைஃபன் குழாயின் அடிமுனை சம்ப் நீரில் இரண்டு செ.மீ.-க்கு மேல் மூழ்கக் கூடாது. கரன்ட் போனபோது குழாயில் நிறைந்த காற்றை அந்த முனை வழியாகத்தான் வெளியே தள்ள வேண்டும், 15 செ.மீ. மூழ்கியிருந்தால் அவ்வளவு ஆழத்து அழுத்தத்தையும் தாண்ட வேண்டியிருக்கும், சைஃபன் திணறும். ‘முன்பெல்லாம் நன்றாகப் பிடித்தது, இப்போது பிடிக்கவில்லை’ என்று வரும் புகார்களில் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது. அவசரக் குழாயின் முனையை நீருக்கு மேலேயே விடுங்கள். அது ஓடினால் எழும் சலசலப்புதான் உங்களுக்கு அலாரம்.

வால்வு வாங்கப் போய் வெறுமனே ‘கேட் வால்வு’ என்று கேட்டால் பித்தளையில் எடுத்துக் கொடுக்கக்கூடும். வேண்டாம். பித்தளையிலிருந்து கசியும் தாமிரம் இறால், நத்தை, பவளம் எல்லாவற்றையும் கொல்லும். பிவிசி கேட் வால்வு கிடைக்காவிட்டால் பிவிசி பால் (ball) வால்வு போதும். நுணுக்கமாகத் திருப்பக் கஷ்டம், அவ்வளவுதான். வால்வுக்கு இரு பக்கமும் யூனியன் போட்டால் கழற்றிக் கழுவலாம். துளையில் குழாயைப் பொருத்தும் டேங்க் நிப்பிளைக் கையில் வைத்து அளந்த பிறகே கண்ணாடியில் துளை போடச் சொல்லுங்கள். டஃபன்ட் (கடினப்படுத்திய) கண்ணாடியில் துளை போட்டால் மொத்தமும் சுக்குநூறாகும்.

இனி வெள்ளக் கணக்கு. ரிட்டர்ன் வாய் நீர்மட்டத்துக்கு 2 செ.மீ. கீழே இருந்தால், கரன்ட் போகும்போது 120 × 60 × 2, அதாவது 14.4 லிட்டர் சம்ப்புக்கு வரும். ஓவர்ஃப்ளோ பெட்டியிலும் குழாயிலும் உள்ளதைச் சேர்த்தால் 20-ஐத் தாண்டும். சம்ப்பில் 30 லிட்டருக்கு இடம் காலியாக இருக்கட்டும். தண்ணீர் திரும்பி இறங்காமல் தடுக்கும் செக் வால்வை நம்பி இந்த இடத்தைக் குறைக்காதீர்கள். உப்பும் சுண்ணாம்பும் படிந்த வால்வு முழுதாக மூடாது. எதிர்ப்பக்கமும் பாருங்கள். வடிகால் முழுவதும் அடைத்தால் சம்ப்பின் பம்ப் அறையில் உள்ள தண்ணீர் எல்லாம் மேலே போகும். மேல் தொட்டியில் 3 செ.மீ. விளிம்பு விட்டிருந்தால் அது தாங்குவது 21.6 லிட்டர். பம்ப் அறையில் உறிஞ்சும் வாய்க்கு மேல் 18 லிட்டருக்கு மிகாமல் தண்ணீர் இருந்தால் தரை நனையாது. ஆட்டோ டாப்-அப் வைத்திருந்தால் இந்தக் கணக்கு கெடும். அறையில் மட்டம் இறங்குவதை அது ஆவியாதல் என்றே எடுத்துக்கொண்டு நன்னீரை ஊற்றிக்கொண்டே இருக்கும். அதன் கேனைச் சிறிதாக வையுங்கள்.

பாறைத் தேர்வும் குழாயைத் தொடுகிறது. லைவ் ராக்கில் (கடலிலிருந்து உயிர்களோடு எடுத்த பாறை) வரும் குட்டி நத்தைகளும் ஐப்டேசியாவும் (களைபோல் பரவும் சின்னக் கடல் அனிமோனி) குழாய் வரை போகும். உலர் பாறையில் அந்தத் தொல்லை இல்லை, ஆனால் சைக்கிள் (கழிவைச் சிதைக்கும் பாக்டீரியா நிலைபெறுவது) முடிய நான்கு முதல் ஆறு வாரம் ஆகும், சில பாறைகள் பாஸ்பேட்டையும் கசியவிடும். இங்கே தயங்கவே வேண்டாம்: உலர் பாறை அல்லது செராமிக் பாறைதான். கல் பவளங்கள் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளவை. மன்னார் வளைகுடாத் திட்டுகளில் பெயர்த்த பாறையை யாராவது கிலோ கணக்கில் விற்றால் வாங்காதீர்கள். சுண்ணாம்புக்காக வெட்டியெடுத்தே நிறைய இழந்த கடல் அது.

நுண்துளை நிறைந்த உலர் பாறை இந்தத் தொட்டிக்கு 20 முதல் 25 கிலோ போதும். மணலுக்கு முன் பாறையை அடிக் கண்ணாடியில் உட்கார வையுங்கள். மணல் மேல் வைத்தால் கோபி மீன் அடியில் தோண்டும், அடுக்கு சரியும். பின்சுவருக்கும் பாறைக்கும் இடையே ஒரு கை நுழையும் இடைவெளி விடுங்கள். கரன்ட் இல்லாத நேரத்தில் ஒரு சின்ன வேவ்மேக்கரை இன்வெர்ட்டரில் ஓடவிட்டால், அந்த இடைவெளி வழியாகத் தண்ணீர் சுற்றி மீன்களுக்கு ஆக்சிஜன் கிடைக்கும். இன்வெர்ட்டரில் முதல் இடம் ரிட்டர்ன் பம்புக்கு அல்ல, இதற்கு.

உப்புப் போடும் முன் வெறும் தண்ணீரில் சோதனை செய்யுங்கள். வால்வை முழுதாகத் திறந்து, எட்டில் ஒரு சுற்று மூடி, ஐந்து நிமிடம் காத்திருந்து, மறுபடி மூடி, மட்டத்தை நிலைக்கு வரவையுங்கள். பிறகு பம்பை 10 நிமிடம் நிறுத்திப் போடுங்கள். ஒரு நிமிடத்துக்குள் சைஃபன் பிடித்து அவசரக் குழாய் ஓய வேண்டும். ஐந்து முறை இப்படி. அடுத்து சைஃபனின் வாயைக் கையால் மூடிப் பாருங்கள். மற்றக் குழாய்கள் முழு ஓட்டத்தையும் ஏற்றுக்கொண்டு, மட்டம் விளிம்புக்குக் கீழேயே நின்றால் உப்பைக் கலக்கலாம்.