பாண்டி வெயில்ல வெந்துபோன ரோசே

இந்த தடவை ஊருக்கு போனதுல ஃப்ளைட், ஆட்டோ, பேங்க் வேலை எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது, அதுல எழுத ஒண்ணும் இல்ல. ஒரு பாட்டில் ரோசே, அதான் வெளிர் ரோஸ் நிற ஒயின், அந்த விஷயம் மட்டும் இன்னும் ஆறவே மாட்டேங்குது. ஜூலை ஆகஸ்ட் லீவுல பாரிஸ்ல இருந்து பாண்டிக்கு போற நம்ம ஆளுங்களுக்கு உபயோகமா இருக்கும்னு எழுதறேன்.

வெயில் காலத்துல நான் ரோசே விரும்பி குடிப்பேன்னு என் மச்சானுக்கு தெரியும். ரெண்டாயிரத்துக்கு மேல கொடுத்து ஒரு பிரெஞ்சு ரோசே வாங்கி வச்சிருந்தான். இங்க சூப்பர்மார்க்கெட்ல 5 யூரோவுக்கு எடுக்கிற அதே ரக பாட்டில்தான், ஆனா அங்க இறக்குமதி ஒயினுக்கு அப்போ சுங்க வரியே 150 சதவீதம் இருந்துச்சு, அதுக்கு மேல மத்த வரி, கடைக்காரர் லாபம்னு ஏறிக்கிட்டே போகும். ஞாயித்துக்கிழமை மதியம் அத்தை வஞ்சிரம் வறுத்து இறால் தொக்கும் வச்சுட்டாங்க, எல்லாரும் உக்காந்தாச்சு, மேல இருந்த பேப்பரை உரிச்சா கார்க் வாயை விட்டு நகக்கணு அளவு மேல வந்து நிக்குது, கழுத்து பூரா பிசுபிசுன்னு கறை. அப்பவே மனசு விட்டுப்போச்சு. கிளாஸ்ல ஊத்தினா வெளிர் ரோஸ் நிறத்துல இருக்க வேண்டியது பழைய வெங்காயத் தோல் மாதிரி பழுப்பா இருக்கு, வேகவச்ச ஆப்பிள் வாடை வேற. பாசமா வாங்கிட்டு வந்தவன் முகத்தை பார்த்துக்கிட்டு என்னத்த சொல்றது, காசு போனதை விட அதுதான் கஷ்டமா இருந்துச்சு.

மறுநாள் மச்சானை கூட்டிக்கிட்டு அந்த கடைக்கே போனேன். மேற்கு பார்த்த கடை, மதியம் மூணு மணி வெயில் நேரா கண்ணாடி ஷெல்ஃப் மேல விழுது, அங்கதான் இறக்குமதி பாட்டில் எல்லாம் நிக்க வச்சு அடுக்கி வச்சிருக்காங்க, பார்வைக்கு அழகா இருக்கட்டும்னு. லேபிள் எல்லாம் வெளுத்துப்போச்சு. பக்கத்துல ஆள் உயரத்துக்கு ரெண்டு ஃப்ரிட்ஜ், ரெண்டும் பீர். கல்லாவுல இருந்த தம்பிகிட்ட சொன்னேன், "தம்பி, இது கெட்டுப்போன பாட்டில்பா". "ஒயின் பழசாக பழசாகத்தானே ண்ணா டேஸ்ட்டு, எத்தன பேரு கேட்டு வாங்கிட்டு போறாங்க"ன்னான். மரியாதையாத்தான் சொன்னான், அவன் மேல கோவம் இல்ல, அவனுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கல. ரோசேவும் சாதாரண வெள்ளை ஒயினும் வாங்கின ஒண்ணு ரெண்டு வருஷத்துல குடிச்சு முடிக்க வேண்டியது, 12ல இருந்து 15 டிகிரில இருந்தா நல்லது, 30 டிகிரிக்கு மேல பல வாரம் நின்னா உள்ள இருக்கிறது விரிஞ்சு கார்க்கை தள்ளும், காத்து உள்ள போகும், அதோட வெயில் வெளிச்சமும் பட்டா வாசனை போயிடும்னு பொறுமையா சொன்னேன். ஒரே ஒரு தட்டு, பீர் ஃப்ரிட்ஜ்ல ஒரே ஒரு தட்டு ஒயினுக்கு ஒதுக்குங்கப்பான்னு கேட்டேன். "ஓனர்தான் ண்ணா சொல்லணும்". அவ்ளோதான். ரோசே பாட்டிலுக்கு மாத்தும் கிடையாது, காசும் கிடையாது.

பிரான்ஸ்ல இருந்து பழகிட்டு இதை பார்க்கும்போது எரிச்சல் வராம இருக்காது. இங்க தெரு முனை கடைக்காரர் கூட இன்னைக்கு என்ன சமையல்னு கேட்டுட்டுதான் பாட்டில் எடுப்பாரு. அதுவும் பிரெஞ்சுக்காரன் அத்தனை வருஷம் இருந்த ஊர்ல, பிரெஞ்சு பட்டாளத்துல இருந்துட்டு பென்ஷன் வாங்கற சொல்தா தாத்தாங்க சாப்பாட்டோட அரை கிளாஸ் வச்சுக்கிட்டு மெதுவா குடிச்சதை சின்ன வயசுல பார்த்த ஊர்ல, இப்படியான்னு இருந்துச்சு.

ஆனா அதே ஊர்லதான் மனசு குளிர்ந்ததும். ரெண்டு தெரு தள்ளி இன்னொரு சின்ன கடை, வயசான அண்ணாச்சி ஒருத்தர். நாசிக்ல செய்யற செனின் பிளாங்ங்கிற வெள்ளை ஒயின் இருக்கான்னு கேட்டதும் ஷெல்ஃப்ல இருந்ததை எடுக்காம பின்னாடி இருட்டு ரூமுக்கு போய் அட்டைப்பெட்டியை பிரிச்சு எடுத்துட்டு வந்தாரு. "இது இந்த வருஷ சரக்கு தம்பி, தேதியை பாத்துக்கோங்க"ன்னு பின்பக்க லேபிளை திருப்பி காட்டினாரு. ஆயிரத்துக்குள்ள. திருகு மூடி, கார்க் தொல்லையே இல்ல.

நம்ம ஆளுங்க பலருக்கு தெரியாத ஒண்ணு இருக்கு. பிரான்ஸ்ல திராட்சை அறுக்கிறது ஆகஸ்ட் செப்டம்பர்ல, நாசிக்ல ஜனவரியில இருந்து மார்ச் வரைக்கும். அதனால நாம லீவுல போய் இறங்கும்போது அந்த வருஷத்து புது வெள்ளை ஒயினே கடைக்கு வந்திருக்க வாய்ப்பு இருக்கு. செனின் பிளாங் பிரான்ஸ்ல நம்ம லுவார் ஆத்துப் பக்கத்து திராட்சைதான், அதுல செய்யற வூவ்ரே ஒயின் குடிச்சவங்களுக்கு தெரியும். நாசிக்ல சுலா ஒயின் கம்பெனி 2000ல முதல் பாட்டிலை வெளிய விட்டதுல இருந்தே இந்த ரகம் இருக்கு. பெங்களூர் பக்கம் நந்தி மலை அடிவாரத்துல ஒயின் செய்யற க்ரோவர்காரங்க போர்டோல இருந்து பேர் போன ஒயின் நிபுணர் மிஷேல் ரோலானையே ஆலோசனைக்கு வச்சிருந்தாங்க. அதனால இந்திய ஒயின்னு முகம் சுளிக்காதீங்க.

அன்னைக்கு ராத்திரி ஒரு பக்கெட்ல ஐஸ், தண்ணி, ரெண்டு கை கல்லுப்பு போட்டு பாட்டிலை கழுத்து வரைக்கும் முக்கி வச்சோம், இருபது நிமிஷத்துல ஜில்லுனு ஆயிடுச்சு, ஃப்ரிட்ஜ்ல வச்சா இதுக்கு ரெண்டு மணி நேரம் ஆகும். லேசா இனிப்பு, நல்ல புளிப்பு, இறால் தொக்கு காரத்தை அப்படியே தணிச்சுது. ரெட் ஒயினோட அதே தொக்கை சாப்பிட்டா காரம் இன்னும் ஏறும், சந்தேகமா இருந்தா செஞ்சு பாருங்க. அத்தை கூட ரெண்டு வாய் குடிச்சுட்டு "நல்லாத்தான்டா இருக்கு"ன்னாங்க. மச்சான் முகத்துல அப்பதான் சிரிப்பு வந்துச்சு.

போறவங்க கேட்டு வாங்குங்க: இந்திய வெள்ளை இல்லன்னா ரோசே, திருகு மூடி, இந்த வருஷ தேதி, பெட்டியில இருந்து எடுத்தது. கண்ணாடி ஷெல்ஃப்ல வெயில்ல நிக்கிறது எவ்ளோ பேர் போன பாட்டிலா இருந்தாலும் வேணாம். கிளாஸ்ல ரெண்டு ஐஸ் கட்டி போட வெக்கப்படாதீங்க, தெற்கு பிரான்ஸ்லயே ரோசேவுல போடறாங்க. அப்புறம், மிச்சம் இருக்கற பாட்டிலை எடுத்துக்கிட்டு தமிழ்நாட்டு எல்லையில இருக்கற கோரிமேடு தாண்டாதீங்க, பாண்டிலயே முடிச்சுட்டு கிளம்புங்க.