பால் நிலையமா, வீட்டு வாசலா?

1900 வாக்கில் இங்கிலாந்தில் ஆயிரம் குழந்தைகள் பிறந்தால் சுமார் 150 குழந்தைகள் ஒரு வயதைத் தாண்டவில்லை. கோடை வந்தால் வயிற்றுப்போக்கு வாரிக்கொண்டு போகும். இதற்கு இரண்டு ஊர்கள் இரண்டு வழி தேடின.

செயின்ட் ஹெலன்ஸ் 1899-ல் பால் நிலையம் திறந்தது. கிருமி நீக்கிய பாலை வேளைக்கு ஒரு பாட்டிலாகத் தரும். கழுவவே முடியாத நீண்ட ரப்பர் குழாய் வைத்த பாட்டில்கள் பல வீடுகளில் புழங்கிய காலம் அது. அதற்கு இது எவ்வளவோ மேல். ஆனால் காசு வேண்டும், தினமும் நடக்க வேண்டும். அப்புறம், வீட்டுக்குப் போன பால் என்ன ஆனது என்று யார் பார்ப்பது?

ஹடர்ஸ்ஃபீல்ட் வீடு தேடிப் போனது. மேயர் பெஞ்சமின் பிராட்பென்ட், தன் பதவிக்காலத்தில் லாங்வுட் பகுதியில் பிறக்கும் குழந்தை ஒரு வயதை எட்டினால் ஒரு பவுண்டு தருவதாக அட்டை கொடுத்தார். பணத்தைவிட முக்கியம், அந்த ஊருக்கென்று 1906-ல் வந்த சட்டம்: 48 மணி நேரத்துக்குள் பிறப்பைத் தெரிவிக்க வேண்டும். உடனே பெண் மருத்துவர் வாசலில் நிற்பார், தாய்ப்பாலையே வலியுறுத்துவார்.

என் ஓட்டு ஹடர்ஸ்ஃபீல்டுக்குத்தான். பிறந்த சில நாட்கள்தான் ஆபத்து மிகுந்தவை. அப்போது பால் நிலையத்துக்கு அந்தக் குழந்தை இருப்பதே தெரியாது. ஆனால் பால் சுரக்காத தாய்க்கு அறிவுரை மட்டும் போதாது, அவளுக்கு அந்தப் பாட்டில்தான் வேண்டும்.