காரில் குரல் கட்டளை: சில வருடப் பழக்கத்துக்குப் பிறகு

ஸ்டீயரிங்கில் உள்ள மைக் பொத்தானைச் சில வருடங்களாகத் தினமும் பயன்படுத்துகிறேன். என் காரில் அந்த ஒரு பொத்தானுக்குப் பின்னால் இரண்டு அமைப்புகள் இருக்கின்றன. லேசாகத் தட்டினால் காரோடு வந்தது. அழுத்திப் பிடித்தால் போனில் இருக்கும் அசிஸ்டென்ட். காரோடு வந்ததற்கு நெட் வேண்டாம், ஆனால் அதற்குத் தெரிந்த கட்டளைகளை அப்படியே சொல்ல வேண்டும். போனில் இருப்பது நாம் எப்படிப் பேசினாலும் ஓரளவு பிடித்துக்கொள்ளும். சிக்னல் வேண்டும், அவ்வளவுதான். குன்னூர் மலைப்பாதையில் அதை நம்பியிருக்க முடியாது.

அதிகம் தொல்லை கொடுப்பது இரைச்சல். ஜன்னலைத் திறந்தபடி ஆரல்வாய்மொழிப் பக்கம் போனால், அந்தக் காற்றில் எந்த அமைப்புக்கும் காது கேட்காது. அதையாவது எதிர்பார்க்கலாம். மழை நாள் விஷயம் பலருக்குத் தெரியாது. முன்கண்ணாடியில் படியும் ஆவியைப் போக்க ஏசி காற்றை அந்தப் பக்கம் திருப்பினால், அது கண்ணாடியை ஒட்டி மேலேறி, கூரை விளக்கருகே இருக்கும் மைக்கில் நேராக அடிக்கிறது. ப்ளோயரை ஒரு படி குறைத்துவிட்டுப் பேசினால் உடனே வித்தியாசம் தெரியும்.

அடுத்தது பெயர்கள். ஆங்கில எழுத்தில் சேமித்த பெயர்களைக் காரின் அமைப்பு தன் இஷ்டத்துக்கு வாசிக்கிறது. ழகரம் வரும் பெயர்களுக்கு ஆங்கில எல் போட்டு மாற்றிச் சேமித்தேன், பெரும்பாலும் சரியாகிவிட்டது. அசிஸ்டென்ட் மொழியை இந்திய ஆங்கிலத்துக்கு மாற்றியதும் நல்ல பலன் தந்தது.

இவற்றையெல்லாம் நான் இவ்வளவு பொருட்படுத்தக் காரணம் இருக்கிறது. அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஏஏஏ என்ற வாகன ஓட்டிகள் சங்கத்தின் சாலைப் பாதுகாப்பு அறக்கட்டளைக்காகச் செய்த ஆய்வு ஒன்று 2015-ல் வெளியானது. குரல் கட்டளையை முடித்த பிறகும் ஓட்டுநரின் கவனம் முழுதாகச் சாலைக்குத் திரும்ப 27 விநாடி வரை ஆகலாம் என்றது அது. 40 கி.மீ. வேகத்தில் அதற்குள் வண்டி 300 மீட்டர் போயிருக்கும். கை ஸ்டீயரிங்கில், கண் சாலையில் இருந்தால் போதும் என்ற எண்ணம் எனக்கு அதோடு போயிற்று. ஒரு தடவை சொல்லிப் புரியவில்லை என்றால் விட்டுவிடுகிறேன். திரும்பத் திரும்பக் கத்துவது பொத்தானைத் தேடுவதைவிட ஆபத்து.

புதுக் கார் பார்க்கப் போகிறவர்கள் ஷோரூமுக்குள் நின்று இதைச் சோதிக்க வேண்டாம். டெஸ்ட் டிரைவில் நெடுஞ்சாலைக்குப் போய், ஏசியைக் கூட்டிவைத்து, பின் இருக்கையில் இரண்டு பேரைப் பேசவிட்டு, பக்கத்தில் இருப்பவரைப் பொத்தானை அழுத்தச் சொல்லி, உங்கள் வீட்டார் பெயரைச் சொல்லிப் பாருங்கள்.