பிண்டோ பீனட் என்று சொல்லி வெடேலியாவைத் தலையில் கட்டிவிட்டார்கள்

சிங்கப்பூரில் தரைவீட்டில் இருப்பவர்கள், புல்லை எடுத்துவிட்டு வேகமாகப் படரும் செடி ஏதாவது போடலாம் என்று நினைத்தால், காசு கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

எங்கள் வீட்டு முன்புறம் பெரிய மாமரம். அதன் நிழலில் கவ் கிராஸ் புல் பிடிக்கவே இல்லை, ஒவ்வொரு மழைக்கும் மண் கரைந்து வடிகாலுக்குப் போய்க்கொண்டிருந்தது. இணையத்தில் விளம்பரம் போட்டிருந்த ஒருவரைக் கூப்பிட்டோம். நம்ம ஆள், நன்றாகப் பேசினார். "பிண்டோ பீனட் போட்டுடலாம்க்கா, மஞ்சள் பூ பூக்கும், வெட்டுற வேலையே இல்ல" என்றார். யோசனை சரிதான், அது நிலக்கடலை இனம், தழைச்சத்தைத் தானே சேர்த்துக்கொள்ளும், அரை நிழலிலும் வரும். 680 வெள்ளி பேசி, பாதியை பேநவ்வில் முன்பணமாக அனுப்பினோம், நட்டு முடித்த அன்றே மீதியையும் வாங்கிக்கொண்டார்.

வந்தது பூவே இல்லாத தண்டுகள். மண்ணைக் கொத்தக்கூட இல்லை, இறுகிப்போன களிமண்ணில் குச்சியால் ஓட்டை போட்டுச் செருகிவிட்டுப் போனார்கள். பிண்டோ பீனட்டாக இருந்திருந்தால் பாதி செத்திருக்கும். இது எதுவும் சாகவில்லை! கணுவுக்குக் கணு வேர் விட்டு, வடிகால் மூடிக்குள் இறங்கி, வேலி தாண்டி பக்கத்து வீட்டு ஆன்ட்டியின் கறிவேப்பிலைத் தொட்டியில் ஏறியது. பூத்த பிறகுதான் தெரிந்தது, வெடேலியா. உலகின் மிக மோசமான 100 அயல் ஊடுருவல் இனங்கள் என்று ஐயுசிஎன் என்ற உலக இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு வெளியிட்ட பட்டியலில் இதுவும் உண்டு. நம் ஊரில் சாலையோரமெல்லாம் கிடக்கிறது, காசு கொடுத்து வாங்கவே தேவையில்லை.

கேட்டதற்கு அவர் சொன்ன பதில்தான் உச்சம்: "அது மஞ்சள் கரிசலாங்கண்ணிக்கா, மருந்துச் செடி, கீரையா சமைக்கலாம்." மாமியார் நம்பிப் பறிக்கவே போய்விட்டார். கரிசலாங்கண்ணியின் உறவுதான், ஆனால் அது இல்லை. கரிசலாங்கண்ணி இலை ஒடுங்கி நீளமாக இருக்கும். இதன் இலையில் பக்கத்துக்கு ஒரு மடல் பிதுங்கியிருக்கும், தடவினால் சொரசொரக்கும். யாராவது இதைச் சமைத்துக் கொடுத்தால் தொடாதீர்கள்.

பிண்டோ பீனட்டைப் பூ இல்லாமலே அடையாளம் காணலாம். ஒரு காம்பில் நான்கு சிற்றிலை, இரண்டிரண்டாக, ராத்திரியில் மூடிக்கொள்ளும். பூத்தால் அவரைப் பூ வடிவம். நட வரும்போதே ஒரு தண்டைக் கையில் வாங்கிப் பாருங்கள், நாலு சிற்றிலை இல்லையென்றால் திருப்பி அனுப்பிவிடுங்கள். ரசீதில் 'கிரவுண்ட் கவர்' என்று மொட்டையாக எழுத விடாதீர்கள், அராக்கிஸ் பிண்டோய் என்ற தாவரவியல் பெயரையே எழுதச் சொல்லுங்கள். எங்களிடம் வாட்ஸ்அப்பில் அவர் அனுப்பிய பெயரும் படமும் இருந்ததால் சிறு தொகை வழக்குகளுக்கான ஸ்மால் கிளெய்ம்ஸ் தீர்ப்பாயத்தில் வழக்குப் போட்டிருக்கிறோம். 20,000 வெள்ளி வரை அங்கே கேட்கலாம், வழக்கறிஞர் வேண்டாம், இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். அதைக் கேள்விப்பட்டதும், பிடுங்கித் தர 400 வெள்ளி கேட்ட அதே மனிதர், இப்போது இலவசமாகவே வருகிறேன் என்கிறார். வேண்டாம் என்று சொல்லிவிட்டோம்.

ஏற்கெனவே மாட்டியவர்கள் பிடுங்கியதைப் புல்வெளியிலோ உரக்குழியிலோ போடாதீர்கள், ஒரு கணு மண்ணைத் தொட்டாலும் முளைக்கும். பையில் இறுக்கிக் கட்டிக் குப்பையில் போடுங்கள்.