ஃபிளேம்பேக் ஏஞ்சல்: தென்னாப்பிரிக்காவின் டர்பனில் பல வருடம் வளர்த்த அனுபவம்

கடல்மீன் தொட்டி வைக்க ஆசைப்படும் நண்பர்கள் பெரும்பாலும் ஃபிளேம் ஏஞ்சல் பற்றித்தான் விசாரிக்கிறார்கள். அது பசிபிக் மீன். நம் பக்கத்துக் கடலிலேயே ஒரு அழகி இருக்கிறாள்: ஆப்பிரிக்க ஃபிளேம்பேக், சென்ட்ரோபைகி அகாந்தோப்ஸ். கிழக்கு ஆப்பிரிக்கக் கரை நெடுக, தென்னாப்பிரிக்கா வரை வாழ்கிறது. அடர்நீல உடல், முகமும் முதுகும் ஆரஞ்சு. நீளம் 8 செ.மீ. தான். வாங்கும்போது வாலைப் பாருங்கள். வெளிர்மஞ்சளாக இருந்தால் இதுதான். நீலமாக இருந்தால் அட்லாண்டிக்கில் வாழும் இன்னொரு வகை.

விடிந்ததிலிருந்து விளக்கு அணையும்வரை கல்லைக் கொத்திக்கொண்டே இருக்கும். அதனால் புதுத் தொட்டியில் விடவே கூடாது. பாசி பிடித்து, மாதக்கணக்கில் பழகிய லைவ் ராக் (நுண்ணுயிர்கள் குடியிருக்கும் கல்) நிறைய வேண்டும், ஒளிய இடுக்குகளும் வேண்டும். என்னுடையவை நன்றாக இருப்பதற்குத் தீவனத்தைவிட இந்தக் கல்தான் காரணம் என்பேன். மேற்கொண்டு நோரி (உலர்ந்த கடற்பாசித் தாள்), ஸ்பைருலினா கலந்த தீவனம், மைசிஸ் இறால் கொடுக்கிறேன்.

பவளம் வைத்திருப்பவர்கள் யோசித்து வாங்குங்கள். என் தொட்டியில் சாஃப்ட் கோரலை (கல்கூடு இல்லாத மென்பவளம்) தொடவில்லை. சதைப்பற்றான எல்பிஎஸ் பவளத்தை (பெரிய பாலிப் உள்ள கல்பவளம்) மட்டும் விடாமல் கொத்தின, அது விரியவே இல்லை. அதை வேறு தொட்டிக்கு மாற்றினேன்.

ஜோடி சேர்ப்பது சுலபம். இவை முதலில் பெண்ணாகவே வளரும். கூட்டத்தில் பெரியது ஆணாக மாறும். ஒன்று பெரிது, ஒன்று சிறிது என இரண்டை ஒரே நேரத்தில் விட்டேன். கொஞ்ச நாள் துரத்தல், அப்புறம் சமாதானம். இப்போது விளக்கு மங்கும் வேளையில் இரண்டும் சேர்ந்து மேலெழும்பி முட்டையிடுவதைப் பார்க்க வீடே கூடிவிடும். குஞ்சு வளர்ப்பது வேறு கதை. மிதக்கும் முட்டையிலிருந்து வரும் குஞ்சின் வாய் அவ்வளவு சிறிது, அதற்கேற்ற உணவு கிடைப்பது கஷ்டம்.

வெண்புள்ளி நோய்க்குச் செப்பு மருந்து போடுவதாக இருந்தால் தனித்தொட்டியில், டெஸ்ட் கிட் வைத்து, மெல்ல மெல்ல அளவை ஏற்றுங்கள். இந்தக் குட்டி ஏஞ்சல்களுக்குச் செப்பு சீக்கிரம் ஒத்துக்கொள்ளாது.

2023இல் லோட் ஷெடிங் (முறைவைத்து மின்வெட்டு) உச்சத்தில் இருந்தபோதுதான் நிஜமாகவே பயந்தேன். பம்ப் நின்றால் தண்ணீரில் ஆக்சிஜன் இறங்கிவிடும். பேட்டரி ஏர் பம்ப் காப்பாற்றியது. விலை அதிகமில்லை, மீனுக்கு முன்னால் அதை வாங்கிவிடுங்கள். தொட்டி 250 லிட்டருக்குக் குறைவென்றால் இந்த வகையில் ஒரே ஒரு மீன் போதும்.