செம்புங்கன் ஹோம்ஸ்டே ரிவ்யூ: சன்ரைஸுக்கு மட்டும்னா போகாதீங்க

மொதல்ல மார்க்கைப் போட்டுடறேன், 5க்கு 4. கொறஞ்ச அந்த ஒண்ணு ஹீட்டருக்கு. மத்தபடி வீடு, சாப்பாடு, வீட்டுக்காரங்க எல்லாத்துக்கும் முழு மார்க் தாராளமா குடுக்கலாம். ஆனா இந்தோனேசியாவுல ஜோக்ஜகர்த்தா டவுன்ல ஏஜென்சிக்காரங்க விக்கற சன்ரைஸ் பேக்கேஜ்ல நடுராத்திரி வண்டி ஏறி, விடியறப்ப மலை மேல போட்டோ எடுத்துட்டு, மத்தியானம் திரும்பி வர்றதா இருந்தா இந்த ஊருக்குப் போகவே வேணாம், அதுக்கு நம்ம கொளுக்குமலையே போதும், ஜீப்புக்காரன்கிட்ட தமிழ்லயே சண்டை போட்டுக்கலாம்.

இந்தோனேசியான்னா நம்மாளுங்களுக்கு பாலிதான். கொச்சியில இருந்து போறவங்கள்ல பாதிப் பேரு ஊஞ்சல்ல ஆடி ரீல்ஸ் போட்டுட்டு வந்துடறாங்க. செம்புங்கன் இருக்கறது ஜாவா தீவுக்கு நடுவுல, தியெங் பீடபூமியில, வொனொசோபோ மாவட்டம். சுமார் 2,300 மீட்டர் உசரம், ஊட்டியை விட லேசா கூட. ஜாவாவுலயே உசரமான கிராமம்னு ஊருக்குள்ள நுழையறப்பவே எழுதி வெச்சிருக்காங்க. வீடெல்லாம் தகரக் கூரை போட்டு ஒண்ணை ஒண்ணு ஒட்டிக்கிட்டு நிக்குது, நடுவுல பள்ளிவாசல், ஊரை ஒட்டி தெலாகா செபோங்னு ஒரு ஏரி, மத்தபடி எந்தப் பக்கம் திரும்புனாலும் உருளைக்கெழங்குதான்.

நான் வட்டவடை. மூணாறுல இருந்து டாப் ஸ்டேஷன் தாண்டி, பாம்பாடும் சோலை செக்போஸ்ட் வழியா உள்ள வரணும், ரேஷன் கார்டு மலையாளத்துல இருக்கும், வீட்ல பேசறது தமிழு. பூண்டு, கேரட், கெழங்கு போடறோம், சீசனுக்கு ரெண்டு ரூம் வாடகைக்கு விடறோம். அதனால எந்த ஊருக்குப் போனாலும் பெட்ஷீட்டைத் தொட்டுப் பாக்கறதும் வெளைச்சக் காட்டுக்குள்ள எறங்கி மண்ணை அள்ளிப் பாக்கறதும்தான் நம்ம டூரு. கூட வந்த மச்சான் கோலாலம்பூர்ல வேலை பாக்கறவரு, மலாய் நல்லாப் பேசுவாரு, அங்க அது முக்கால்வாசி செல்லுபடி ஆச்சு, அவரு இல்லன்னா இந்த ரிவ்யூல பாதி இருக்காது.

போற வழி: கோலாலம்பூர் போய் அங்க இருந்து ஜோக்ஜகர்த்தாவுக்கு ஃப்ளைட். விசா எறங்குன எடத்துலயே எடுத்துக்கலாம், 5,00,000 ரூபியான்னு சொல்றப்ப நெஞ்சு அடைக்கும், நம்ம ஒரு ரூபாய்க்கு 180 ரூபியாவுக்கு மேல வருது, கணக்குப் போட்டா 2,700 கிட்டதான். ரோட்டுல மகெலாங், தெமாங்குங், அப்புறம் சிந்தோரோ, சும்பிங்னு ரெண்டு எரிமலைக்கு நடுவுல இருக்கற கணவாயைத் தாண்டி வொனொசோபோ டவுனு. தெமாங்குங் பக்கம் வழி நெடுக புகையிலை. வொனொசோபோவுல இருந்து தியெங்குக்கு மினிபஸ் ஏறி, கடைசி கொஞ்ச தூரம் ஓஜெக்னு சொல்ற பைக் டாக்ஸி. போடிமெட்டு ரோட்டுல வாந்தி எடுக்காதவங்களுக்கு இதெல்லாம் ஒண்ணுமே இல்ல.

ரூமுக்கு ராத்திரிக்கு 2,50,000 ரூபியா, அதாவது 1,350 ரூபா போல, காலைல டிபன் சேத்து. ரெண்டு பேருக்கு ஒரு பெரிய மெத்தை, கம்பளி ஆளுக்கு ரெண்டு, சுத்தமா வெயில்ல காஞ்ச வாசனையோட இருந்துச்சு, இதை நான் தொழில்காரனா சொல்றேன், மலை மேல கம்பளியை வாசனை இல்லாம வெச்சிருக்கறது லேசுப்பட்ட வேலை இல்ல. பாத்ரூம்ல தொட்டி கட்டி தண்ணி ரொப்பி, மொண்டு ஊத்த கப்பு. நமக்குப் பழகுனதுதான், டிஷ்யூவுக்கு அலைய வேண்டியதில்ல. ஆனா ராத்திரி 7, 8 டிகிரிக்கு எறங்கிடுது, கேஸ் ஹீட்டர் இருக்குன்னு ஃபோட்டோல காட்டுனாங்க, பத்த வெச்சா ரெண்டு கப்பு சுடுதண்ணி வந்து அணைஞ்சு போகுது, திரும்ப வெளிய போய் பத்த வெக்கணும், தலையில ஷாம்பூவோட யாரு போவா. சொன்னதும் வீட்டம்மா வெறகு அடுப்புல ஒரு குண்டான் தண்ணி போட்டுக் குடுத்துட்டாங்க, அதனால இதுக்கு மேல குறை சொல்ல வாய் வரல.

அந்த வீட்ல ஹால்னு ஒண்ணு சும்மா பேருக்குத்தான், சோபாவுக்கு பிளாஸ்டிக் கவரைக்கூட பிரிக்கல. எல்லாரும் இருக்கறது அடுப்படியில. தாழ்வான முக்காலி போட்டு கரியடுப்பைச் சுத்தி உக்காந்துக்கறாங்க, தோள்ல லுங்கியைப் போத்திக்கிட்டு, பக்கத்து வீட்டுக்காரங்களும் வந்து குந்திக்கறாங்க. கிழங்கு வெலை, உரம் வெலை, யாரு பையன் ஜகார்த்தாவுல என்ன பண்றான், இதான் பேச்சு. வீட்டுக்காரரை பாக்னு, அந்தம்மாவை இபுன்னு கூப்பிட்டோம், எங்க ரெண்டு பேருக்கும் முழங்கால்ல சூடு ஏற ஏற பேச்சும் ஏறுச்சு. கெழங்கு நல்லா வெலை போன காலத்துல அந்தக் காசுலயே ஹஜ் போய்ட்டு வந்தவங்க ஊர்ல நெறைய பேர்னு பாக் சொன்னாரு.

சாப்பாடு: சோறு, முட்டைக்கோஸ் போட்ட தண்ணி சூப்பு, பொரிச்ச தெம்பே (சோயாவைப் புளிக்க வெச்சுக் கட்டியாக்குனது), மசிச்ச கெழங்குல வடை தட்டிப் பொரிக்கற பெர்கெடெல், அம்மியில அரைச்ச சம்பல். சுத்த சைவக்காரங்க மொதல்லயே சொல்லிடுங்க, சம்பல்ல இறால் விழுது இருக்கும், கண்ணுக்குத் தெரியாது. வொனொசோபோவோட பேரு போன ஐட்டம் மீ ஓங்க்ளோக், நூடுல்ஸையும் முட்டைக்கோஸையும் சின்னக் கூடையில போட்டு கொதிக்கற தண்ணியில முக்கி எடுத்து, காஞ்ச இறால் போட்ட கொழகொழன்னு ஒரு மாவுக் கொழம்பை மேல ஊத்திக் குடுக்கறாங்க, பக்கத்துல குச்சியில கோத்துச் சுட்ட பீஃப், சாத்தேம்பாங்க. அந்தக் கொழகொழப்பு எனக்கு எறங்கல, மச்சான் ரெண்டு தட்டு. பீஃப் பிரமாதம், கோட்டயத்துக்காரன் சாப்பிட்டாலும் குறை சொல்ல மாட்டான். மாவுல முக்கிப் பொரிச்ச தெம்பே கெமுல் சூடா இருக்கறப்ப சாப்பிடணும், ஆறுனா தோல்தான்.

கடைக்குக் கடை காரிகான்னு ஒரு குட்டி பப்பாளியைப் பாகுல போட்டு கப்புல அடைச்சு விக்கறாங்க. தென் அமெரிக்கா மலைப் பக்கத்துல இருந்து வந்த மரம், குளுருலதான் காய்க்கும், நம்ம பப்பாளி நாலு டிகிரி குளுருல செத்துப் போகும் இது ஜம்முனு நிக்குது. வாசனை அருமை, பாகு திகட்டுது. புர்வாசெங்னு ஒரு வேரு காபியும் இருக்கு, ஆம்பளைங்களுக்கு நல்லதுன்னு கண்ணடிச்சுக்கிட்டே விப்பாங்க, குடிச்சோம், ராத்திரி நல்லாத் தூங்குனோம், அவ்வளவுதான் ரிசல்ட்டு.

இப்ப காட்டு விஷயத்துக்கு வர்றேன், எனக்கு இந்த ஊர்ல காசு வசூல் ஆனது இதுலதான். காலைல ஏழு மணிக்கு பாக் கூடவே போயிட்டோம், தனியா காசு கேக்கல, கேட்டாலும் குடுத்திருப்பேன். ரோட்டோரத்துல கோழி எரு மூட்டை அடுக்கி வெச்சிருக்கு, அந்த நாத்தம் ஊருக்கே பொது. ஏரியில இருந்து மோட்டார் போட்டு தண்ணி இழுக்கறாங்க, பிளாஸ்டிக் பைப்பு ஒண்ணு ரெண்டு இல்ல, மொத்தையா கட்டுக் கட்டா ரோட்டை ஒட்டியே ஓடி, மரத்துல தொங்கி, வீட்டுக் கூரை மேல ஏறி, சரிவெல்லாம் பிரிஞ்சு போகுது, மலைக்கே ட்ரிப்ஸ் ஏத்தி வெச்ச மாதிரி. யாரு பைப்பு எதுன்னு எப்படித் தெரியும்னு கேட்டேன். அவனவன் பைப்பு அவனவனுக்குத் தெரியும்னாரு.

கெழங்கு கிரானோலா ரகம், உள்ள மஞ்சளா இருக்கும். பொம்பளைங்க வரிசையா குனிஞ்சு சின்ன மம்பட்டியால கொத்தி, கையால மண்ணைத் தள்ளி எடுக்கறாங்க, வெட்டுப்பட்டது தனியா, பெருசு தனியா, கோலிக்குண்டு சைஸ் தனியா. அந்தக் குட்டிக் கெழங்கைத் தோலோட பொரிச்சு மசாலா தூவி டூரிஸ்ட்டுக்கு விக்கறாங்க, நாமெல்லாம் அதை மாட்டுக்குப் போட்டுட்டு இருக்கோம். மண்ணு கறுப்பு, எரிமலை மண்ணு, கையில எடுத்தா பொலபொலன்னு உதிருது, பொறாமையா இருந்துச்சு.

ஆனா பாத்தி போட்டிருக்கற விதம் இருக்கே, அங்கதான் எனக்கு வயிறு கலங்குச்சு. எங்க ஊர்ல தாத்தன் காலத்துல இருந்து தட்டுத் தட்டா வெட்டி, சரிவுக்குக் குறுக்கதான் பாத்தி போகும். அங்க நெறைய எடத்துல மேல இருந்து கீழ நேரா எறங்குது பாத்தி, நடுவுல வரப்பு இல்ல, ஒரு மரம் இல்ல, மலை உச்சி வரைக்கும் சொரண்டி எடுத்தாச்சு. மேல மழை பேஞ்சா என்னாகும்னு கேட்டதுக்கு பாக் சொன்னாரு, குறுக்க போட்டா தண்ணி நிக்கும், நின்னா கெழங்கு அழுகும், நேரா விட்டா தண்ணி ஓடிடும். மண்ணும்ல ஓடும்னேன். ஆமான்னு சிரிச்சாரு. மண்ணு எங்க போகுதுன்னா, தியெங்லதான் செராயு ஆறு பொறக்குது, அது கீழ பஞ்சார்நெகாராவுல ம்ரிசா அணைக்குப் போய் சேருது, அந்த அணையில வண்டல் மேடு கட்டிக்கிட்டே வருது. 1980கள்ல கெழங்கு பெருசா பரவுனதுக்கு அப்புறம்தான் மலையில இருந்த மரக்காடு அழிஞ்சு இந்தக் கதிக்கு வந்ததாம்.

கெழங்கு வேரைத் தாக்கற பொடிப் புழு, நூற்புழு, அந்தக் கதை அங்கயும் இருக்கு. ஊட்டியில 1961ல கண்டுபிடிச்ச அதே சமாச்சாரம், 2018ல தமிழ்நாட்டு வெதைக்கெழங்கு வெளிய போகக் கூடாதுன்னு தடை வந்துச்சே, அதுதான். இந்தோனேசியாவுல 2003ல கெழக்கு ஜாவா பக்கம் கண்டுபிடிச்சு, அப்புறம் தியெங் வரைக்கும் வந்துடுச்சு. ஒரே கெழங்கைத் திரும்பத் திரும்ப போட்டா அது வராம என்ன பண்ணும். பாக் கிட்ட மாத்துப் பயிர் போடறதில்லையான்னா, முட்டைக்கோஸ் போடுவோம், வெலை கெழங்குக்குத்தானேங்கறாரு. இதே பதிலை நான் எங்க ஊர் டீக்கடையில எத்தனையோ தடவை கேட்டிருக்கேன், என் வாய்லயும் வந்திருக்கு.

ஜூலை, ஆகஸ்ட்ல அங்க பனி உறையும், எம்புன் உபாஸ்னு சொல்றாங்க. நமக்கு ஜனவரியில மூணாறுல செண்டுவரை பக்கம் புல்லு வெளுத்துக் கெடக்கும்ல, அதே. டூரிஸ்ட்டு அதைப் பாக்க ஓடி வர்றான், விவசாயிக்கு ஒரே ராத்திரியில எலை கருகிடும். விடியக்காலைல தண்ணி அடிச்சு ஐஸைக் கழுவி விடறாங்களாம், அப்படியும் தப்பிக்கறது பாதிதான்.

சன்ரைஸ் பத்தி சுருக்கமா: சிகுனிர் குன்று, ஊர்ல இருந்தே ஏறிடலாம், படிக்கட்டு, அரை மணி நேரம் முக்கா மணி நேரம் ஆகும். சனி ஞாயிறுல கூட்டம் முட்டுது, முன்னாடி நிக்கறவன் செல்ஃபி ஸ்டிக்தான் நமக்கு விடியல். நாங்க திங்கக்கிழமை போனதால சிந்தோரோ முழுசா தெரிஞ்சுது, பின்னாடி சும்பிங் (3,371 மீட்டர், நம்ம ஆனைமுடியே 2,695தான்), இன்னும் தூரத்துல மெர்பாபு, மெராப்பி. அழகுதான், இல்லங்கல. இதுக்கு மட்டும் ராத்திரி நாலு மணி நேரம் வண்டியில குலுங்கி வர்றதுக்கு வொர்த் இல்லங்கறேன், அந்த வேன்ல வந்தவங்க பாவம் எட்டு மணிக்கெல்லாம் தூங்கி வழியறாங்க.

பக்கத்துல அர்ஜுனா கோயில் தொகுதியை விட்டுடாதீங்க. எல்லாம் சிவன் கோயில், ஜாவாவுல இன்னிக்கு நிக்கற கல் கோயில்கள்ல ரொம்பப் பழசு, ஆயிரத்து இருநூறு வருசம் கிட்ட இருக்கும். அர்ஜுனா, புந்ததேவா, ஸ்ரீகண்டி, செம்பத்ரான்னு பேரு, ஆனா கட்டுனவங்க வெச்ச பேரு இல்ல, பின்னாடி ஊர்க்காரங்க பாரதக் கதையில இருந்து வெச்சது, மாமல்லபுரத்துல தர்மராஜ ரதம் பீம ரதம்னு வெச்சிருக்கோமே அதே கதை. நம்ம சிகண்டி இருக்காரே, அவரு ஜாவாவுல பொண்ணு, வில்லெடுத்த வீராங்கனை, அர்ஜுனனுக்குப் பொண்டாட்டி. மச்சான் இதைக் கேட்டு அரை மணி நேரம் வாதாடுனாரு, யாரும் மசியல. உள்ள கருவறை காலி, பூசை கெடையாது, கற்பூரம் எல்லாம் கொண்டு போகாதீங்க.

சிகிடாங்னு ஒரு எரிமலைக் குழி, அங்க சேறு கொதிச்சு ஆவி வரும், அழுகுன முட்டை நாத்தம், பத்து நிமிசம் போதும். வேலிக்கு வெளிய கால் வெக்காதீங்க, இது வெறும் மெரட்டல் இல்ல, இதே பீடபூமியில சினிலா பக்கம் 1979 பிப்ரவரியில எரிமலை வாயு வெளிய வந்து, தப்பிச்சு ஓடுனவங்க வழியிலயே விழுந்து 140 பேருக்கு மேல செத்திருக்காங்க.

போறதுன்னா ஜூன்ல இருந்து செப்டம்பருக்குள்ள போங்க, நமக்கு இங்க தென்மேற்கு மழை கொட்டற நேரம் அங்க வானம் துடைச்சு விட்டிருக்கும். ஆகஸ்ட்ல தியெங் திருவிழா வரலாம், சடை விழுந்த கொழந்தைங்களுக்கு முடி எடுக்கற சடங்கு, முடி எடுக்கறதுக்கு முன்னாடி கொழந்தை என்ன கேக்குதோ அதை வாங்கிக் குடுத்தே ஆகணும், சைக்கிள் கேட்டா சைக்கிள் ஆடு கேட்டா ஆடு. பாக்க ஆசையா இருந்தா ரூமை பல மாசம் முன்னாடியே புடிச்சு வெச்சுக்கங்க, வெலையும் ஏத்திடுவாங்க. முட்டு வலி உள்ள பெரியவங்க சிகுனிரை விட்டுடலாம், கெழங்குக் காடு சமதளத்துலயும் இருக்கு. குரங்குக் குல்லா, சாக்ஸ், ரெண்டு ஸ்வெட்டர் கட்டாயம். ரூபியாவை வொனொசோபோவுலயே மாத்தி கையில வெச்சுக்கங்க. புக் பண்றப்ப அடுப்படியை ஒட்டுன ரூமைக் கேளுங்க, சுவரு ராத்திரி பூரா வெதுவெதுன்னு இருக்கும், வாடகை அதேதான்.