வௌவாலை இனம் காண டயல் டிடெக்டரா, போன் மைக்கா?

வெளியூர் போன இடத்தில் அந்தி சாய்ந்ததும் தலைக்கு மேல் பறக்கிற வௌவால் எந்த இனம் என்று கண்டுபிடிக்க மூன்று வழி இருக்கிறது. கேமரா, வௌவாலின் மீயொலியை (நம் காதுக்கு எட்டாத உயர்ந்த ஒலியை) கேட்கும் ஒலியாக மாற்றித் தரும், டயலைத் திருப்பிக் கேட்கும் ஹெட்டரோடைன் டிடெக்டர், போனில் செருகும் மீயொலி மைக். நான் மைக்கைத்தான் வாங்கினேன், அதிலும் விலை கூடிய 384 கிலோஹெர்ட்ஸ் மாடலை.

கேமராவைச் சீக்கிரம் முடித்துவிடலாம். பகலில் ஆலமரத்திலோ மருதமரத்திலோ தொங்கும் பெரிய பழந்தின்னி வௌவாலுக்கு அது போதும், பைனாகுலரே போதும். பழந்தின்னிகளில் பெரும்பாலானவை மீயொலி எழுப்புவதில்லை என்பதால் அங்கே மைக்குக்கு வேலையும் இல்லை. பூச்சி தின்னும் சின்ன வௌவால் என்றால் படத்தில் கறுப்புத் தீற்றல்தான் மிஞ்சும். அதற்காகக் கோயில் மண்டபத்துக்குள்ளோ குகைக்குள்ளோ புகுந்து ஃப்ளாஷ் அடிப்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன், குட்டியைச் சுமந்திருக்கும் தாய்கள் மிரண்டு கலைந்துவிடும்.

ஹெட்டரோடைன் விலை குறைவு, போன் சார்ஜ் பற்றிய கவலை இல்லை. டயலை 45 கிலோஹெர்ட்ஸில் வைத்துத் தெருவிளக்கடியில் நின்றால் சின்ன வௌவால்கள் 'டப் டப்' என்று கேட்கும், அந்தச் சந்தோஷமே தனி. ஆனால் டயல் நிற்கும் இடத்துக்குச் சில கிலோஹெர்ட்ஸ் இப்படி அப்படித்தான் அதற்குக் காது. 45-ல் வைத்திருக்கும்போது 80-ல் கத்திக்கொண்டு ஒன்று கடந்து போனால் நமக்குத் தெரியவே தெரியாது. நான் இதை இரவல் வாங்கித்தான் பழகியிருக்கிறேன். வருடக்கணக்காகக் கையில் வைத்திருப்பவர்கள் இதிலேயே நிறையப் பிரித்துச் சொல்லக்கூடும்.

போன் மைக் தன் எல்லைக்குள் வரும் எல்லா அலைவரிசையையும் ஒரே நேரத்தில் பதிந்து, திரையில் கோடாக வரைந்தும் காட்டிவிடுகிறது; ஒலி எவ்வளவு உயர்ந்ததோ கோடும் அவ்வளவு மேலே. லாடமூக்கு வௌவாலின் குரல் நீண்ட தட்டைக் கோடாக வரும், இரண்டு முனையிலும் சின்னதாகக் கீழே வளைந்திருக்கும். ஒருமுறை பார்த்தால் மறக்காது. தென்னிந்தியாவில் பார்ப்பதற்கு ஒரே மாதிரி இருக்கும் லாடமூக்கு வௌவால்களில் ஒரு வகை 80 அளவிலும் இன்னொன்று 90-ஐ ஒட்டியும் குரல் கொடுப்பதை வைத்துத்தான் அவை வேறு வேறு என்ற சந்தேகமே வலுத்தது. கையில் பிடிக்காமல் இதைக் கோட்டின் உயரத்திலேயே பார்த்துவிடலாம்.

சரி, ஏன் 384? இதை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வாங்கும்போது கடைக்காரர் சொல்ல மாட்டார். எந்த மைக்காக இருந்தாலும் மாதிரி எடுக்கும் வேகத்தில், அதாவது நொடிக்கு எத்தனை முறை ஒலியை அளக்கிறதோ அதில், பாதி வரைதான் பதிய முடியும். எக்கோ மீட்டர் டச் 2 என்ற போன் மைக்கின் சாதா மாடல் 256, அதாவது 128 கிலோஹெர்ட்ஸோடு கதை முடிந்தது. ப்ரோ மாடலில் 384 கிடைக்கும், 192 வரை போகலாம். ஐரோப்பாவுக்கு மட்டும் போகிறவருக்கு 256 தாராளம், அங்கே உயரத்தில் கத்தும் சின்ன லாடமூக்கு வௌவாலே 110 பக்கம்தான். நம் ஊர் நிலைமை அப்படியில்லை. பழைய கோயில்களிலும் பாறைக்குகைகளிலும் கூட்டமாக வாழும் ஷ்னைடர் இலைமூக்கு வௌவாலின் குரல் 130-ஐத் தாண்டியும் போகும், இலைமூக்கு வகையிலேயே 150-ஐ ஒட்டிக் கத்துபவையும் உண்டு. 256 மாடலோடு மதுரைப் பக்கத்துக் குகை வாசலில் நின்றால், கண்ணெதிரே கூட்டம் வெளியேறும், அவற்றின் முக்கியக் கோடே திரையில் வராமல் போகலாம். மலிவு ஹெட்டரோடைன் பலவற்றின் டயலும் 130-ல் நின்றுவிடும்.

மாடல் சரியாக இருந்தாலும் கிட்டத்தில் நிற்க வேண்டும். இவ்வளவு உயர்ந்த ஒலியைக் காற்றே சீக்கிரம் விழுங்கிவிடும், சில மீட்டர் தள்ளிப்போனாலே கோடு மங்கும். வாசலை மறிக்காமல் பக்கவாட்டில், விளக்கை அணைத்துவிட்டு நிற்பது நல்லது.

அப்புறம், மைக்கோடு பயன்படுத்தும் போன் செயலி தானாகக் காட்டும் இனப்பெயரை நம்பி எழுதிவிடாதீர்கள். அது தனக்குக் கொடுத்த பட்டியலிலிருந்துதான் பெயர் சொல்லும். அந்தப் பட்டியலில் இல்லாத வௌவாலுக்கும் ஏதோ ஒரு பெயரைச் சூட்டக்கூடும். பதிவுக் கோப்பையும் இடத்தையும் நேரத்தையும் சேர்த்து வைத்திருங்கள், தெரிந்தவர் யாராவது பிறகு கேட்டுத் திருத்தலாம். ஹெட்டரோடைனில் கேட்டதை இவ்வளவு விவரமாக யாரிடமும் காட்ட முடியாது.